ரெண்டு பக்கமும் வேண்டியவர்கள்

கல்யாண வீட்டில் அப்பாவுக்குச் செலவு, தாய்மாமனுக்கு மரியாதை, சித்தப்பாவுக்கு அலைச்சல் என்று யாரோ எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள். அண்ணன் மகளுக்கு நிச்சயம் ஆன மறுநாளே என் செல்போனில் ‘பந்தல்’, ‘பந்தல் பெரியவர்’, ‘பந்தல் எடுக்காதே’ என்று எண்கள் ஏறத் தொடங்கின. பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். கல்யாணம் எங்கள் ஊரில், கும்பகோணத்தில். “சித்தப்பா, மண்டபம், கேட்டரிங், டெக்கரேஷன் எல்லாம் நீங்களே ஃபைனல் பண்ணிடுங்க” என்றாள் பெண். சாவிக்கொத்தையே கையில் கொடுத்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு பெருமை. ஒரு கல்யாணத்தில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் நம்மைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பதை யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை.

அந்த ஒன்று தேதியாக இருக்கும் என்று நம்பி முதலில் ஜோசியரிடம் போனோம். ஆடி கூடாது, மார்கழி கூடாது, புரட்டாசி எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாப்பிள்ளைக்கு ஆவணியில் வெளிநாட்டு வேலை. வைகாசிதான் தோது. அதிலும் வளர்பிறை, அதிலும் ஞாயிற்றுக்கிழமை, ஏனென்றால் பெங்களூர் நண்பர்களுக்கு லீவு கிடைக்க வேண்டும். ஜோசியர் ஜாதகத்தைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “மண்டபம் என்னிக்குக் கிடைக்குதுன்னு கேட்டுட்டு வந்துடுங்க. அதுக்குத் தோதா லக்னம் பார்த்துடலாம்” என்றார். குருவும் சுக்கிரனும் விட்டுக்கொடுப்பார்கள், மண்டப மேனேஜர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தொழிலில் கண்டவர்.

மேனேஜரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. “எந்த மாசம் வேணா கேளுங்க, 2028 மாசியை மட்டும் கேக்காதீங்க” என்றார். மகாமகம். 12 வருடத்துக்கு ஒருமுறை வருவது, போன தடவை 2016-இல் வந்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குள் மனிதன் நுழைவதே பாடு, மாப்பிள்ளை ஊர்வலம் எங்கே நுழையும்? நாங்கள் கேட்டது அடுத்த வைகாசி. “ஓ, அதுவா” என்று நோட்டை மூடினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து மறுபடி திறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேன்சல் ஆகியிருக்கிறது.

“நின்னுபோன கல்யாணத்துத் தேதி நமக்கு எதுக்கு?” என்றாள் அக்கா.

“நின்னு போகலம்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முன்னாடியே முடிச்சுட்டாங்க.”

அண்ணன் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

சொந்தங்கள் திரண்டு மண்டபம் பார்க்க வந்தார்கள். மண்டபம் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி. மணமேடையை ஏறிட்டும் பார்க்காமல் நேராகக் கழிவறைகளுக்குப் போய், வெஸ்டர்ன் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்தாள். பெரியப்பா மகன் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கை கழுவும் இடத்துக்கும் இடையே காலடி வைத்து அளந்தார். அண்ணி மணமகள் அறையைப் பார்த்தாள். மணமகன் அறையில் புது ஏசி, மணமகள் அறையில் ஏசி இருந்த இடத்தில் சுவரில் ஓட்டை. “ஸ்டெபிலைசர் இருக்குங்க” என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார். அண்ணியின் தம்பி மட்டும் மண்டபத்துக்குள்ளேயே வரவில்லை. தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, “இடம் அருமையா அமைஞ்சிருக்கு மச்சான்” என்றார். எதற்குப் பக்கத்தில் அமைந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வாடகை ஒன்றரை லட்சம் என்றார்கள். அது நுழைவுக் கட்டணம் மாதிரி. மின்சாரம் மீட்டரில் ஓடிய யூனிட் கணக்குக்குத் தனி, ஜெனரேட்டர் மணிக்கணக்குக்குத் தனி. பாத்திர வாடகை, துப்புரவுக் கூலி, வாட்ச்மேனுக்கு ‘பார்த்துக் கொடுக்கிறது’, எல்லாம் கூட்டி முடித்தபின் வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. முதல் நாள் மதியம் 3 மணிக்குச் சாவி, மறுநாள் 3 மணிக்குக் காலி. “3 மணி தாண்டினா என்ன ஆகும்?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகாது சார். அடுத்த பார்ட்டியோட வாழைமரம் உள்ள வந்துடும்” என்றார். சுவரில் இருந்த பலகையில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, வெடி போடக் கூடாது, வண்ணக் காகிதம் தூவக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. தாலி கட்டலாமா என்பது பற்றி மட்டும் குறிப்பு இல்லை.

அட்வான்ஸ் கட்டினோம். தேர்ந்தெடுக்கும் வேலை அதோடு முடிந்தது. ரசீதைக் கிழித்துக் கொடுத்த கையோடு மேனேஜர் நான்கு விசிட்டிங் கார்டுகளையும் கொடுத்தார். சமையல், அலங்காரம், லைட், ஜெனரேட்டர். இந்த மண்டபத்துக்கு இவர்கள்தான். வெளி ஆளைக் கொண்டுவந்தால் ‘ராயல்டி’ கட்ட வேண்டும். ராயல்டி என்பது எழுத்தாளருக்குக் கிடைப்பது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு (கிடைக்காது, அது வேறு விஷயம்), சாம்பாருக்கும் ராயல்டி உண்டு என்பது புதுச் செய்தி. சமையல்காரர் வந்ததும் இலையும் தேங்காயும் இன்ன கடையில் என்றார். அலங்காரக்காரர் போட்டோகிராபரைச் சொன்னார். போட்டோகிராபர் மேக்கப் போடும் பெண்ணைச் சொன்னார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது, புதிதாக வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அந்தக் காலத்துச் சமையல்காரர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். முந்திரி ஐந்து கிலோ என்று அதில் இருக்கும். மூன்று கிலோ பாயசத்தில் தெரியும், இரண்டு கிலோ எங்கே போனது என்று கல்யாணம் முடிந்து ஆறு மாதம் திண்ணையில் ஆராய்ச்சி நடக்கும். இப்போது அந்தச் சுகம் போய்விட்டது. இலைக் கணக்கு. காலை டிபன் இலைக்கு 160, மதியச் சாப்பாடு இலைக்கு 340, குறைந்தது 500 இலைக்குக் காசு. அதற்கு மேல் விழுகிற இலையை எண்ணுவதற்கு எங்கள் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர். “ருசி பார்க்கணும்னா வர்ற முகூர்த்தத்துக்கு வாங்க, இன்னொரு மண்டபத்துல நம்ம சமையல்தான்” என்று அழைத்தார் கேட்டரிங் மேனேஜர்.

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கா, அண்ணி, நான் மூவரும் பட்டு உடுத்திக்கொண்டு போய் இறங்கினோம். பின்வாசல் வழியாக நேரே பந்திக்குப் போய்விடுவது என் திட்டம். பின்வாசலில் தண்ணீர் லாரி நின்றது. முன்வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், கல்கண்டு நீட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர் போலிருந்தது, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு தூரம் வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம்” என்றார். நாங்கள் வந்தது இரண்டு தெரு தள்ளி. “மாப்பிள்ளை வீடுங்களா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா கண் இமைக்காமல், “ரெண்டு பக்கமும் வேண்டியவங்க” என்றாள்.

அந்தப் பதிலோடு பந்திக்குப் போயிருக்கலாம். மேடைக்கு அழைத்துவிட்டார்கள். மணமக்களுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் அண்ணியும் நானும். “சித்தப்பா கொஞ்சம் சிரிங்க” என்றார் வீடியோக்காரர். அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. இறங்கும்போது அக்காவுக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும், மொய் எழுதும் மேசைக்குப் போய் 101 ரூபாய் நீட்டினாள். “பேரு?” “வேண்டியவங்கன்னு போட்டுக்குங்க.” அவர் தலை நிமிராமல், ‘வேண்டியவர்கள், 101’ என்று எழுதிக்கொண்டார். மூன்று இலைக்கு 1020 ஆயிற்றே என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பசி.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. திருவையாறு பக்கத்து அசோகா, நெய் கையில் ஒட்டியது. ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு அக்கா தலையை ஆட்டினாள். அது அவள் தருகிற ஐ.எஸ்.ஐ. முத்திரை. என்னவோ நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும் என்பது போல.

சம்பந்தி கோயம்புத்தூரிலிருந்து ஒருமுறை வந்து மண்டபத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், எதற்கும் குறை சொல்லவில்லை. கடைசியில் என்னைத் தனியாக அழைத்து, “தண்ணி மட்டும் எப்படீங்க இருக்கும்?” என்றார். சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் உலகத்தின் மற்ற தண்ணீரையெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். காவிரிக்கரைக்காரனிடம் இப்படிக் கேட்டால் கோபம் வரும்தான், ஆனால் பெண்ணைக் கொடுக்கிற நேரத்தில் ஆற்றுச் சண்டை வேண்டாம் என்று, இலைக்கு ஒரு சின்ன பாட்டில் சேர்த்தோம். இலை 352 ஆனது. பதிலுக்கு நான் டிகிரி காபி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “காபி நல்லா இருக்குதுங்க, இன்னும் நல்ல தண்ணியா இருந்தா...” என்று ஆரம்பித்தார். பில் கொடுக்கப் போய்விட்டேன்.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிஜப் பூ என்றால் முகூர்த்த நாளில் பூ மார்க்கெட் என்ன விலை சொல்கிறதோ அதுதான் விலை, முதல் நாள் சாயந்திரம்தான் சொல்ல முடியும் என்றார் அலங்காரக்காரர். பிளாஸ்டிக் என்றால் இப்போதே சொல்லிவிடலாம். பாதிப் பாதி என்று முடிந்தது. தொட்டுப் பார்த்தால் தெரியும், அதனால் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள் என்று ஆலோசனையும் கொடுத்தார். போட்டோகிராபர் தாராசுரம் கோயிலில் ட்ரோன் பறக்கவிட்டு முன்கூட்டியே படம் எடுக்க வேண்டும் என்றார். தொல்லியல் துறைக் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நினைத்தபடி பறக்கவிட முடியாது என்று விளக்கினேன். அப்படியானால் மண்டபத்துக்குள் பறக்கவிடுகிறேன் என்றார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

நாதஸ்வரத்துக்கு மட்டும் விசிட்டிங் கார்டு கிடையாது. அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பெண்ணுக்குச் செண்டை மேளம் வைக்க ஆசை. அவள் சிநேகிதிகள் கல்யாணத்தில் எல்லாம் கேரளத்துச் செண்டைதானாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த மண்ணில், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிற சமயத்தில், நாம் பாலக்காட்டுக்கு ஆள் அனுப்புவதா என்று நான் வாட்ஸப்பில் நீளமாக எழுதினேன். பெண் கட்டைவிரல் ஒன்றைப் போட்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வித்வான் வீட்டுத் திண்ணையில் சீவாளியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேட் பேசத் தயாராகப் போயிருந்தோம். அவர் எங்களைப் பேட்டி எடுத்தார்.

“ரிசப்ஷன்ல லைட் மியூசிக் உண்டா?”

“சின்னதா...”

“அந்த ஸ்பீக்கர் பொட்டிய ராத்திரியே எடுத்துடணும். காலைல என் காதுகிட்ட அது இருக்கக் கூடாது. செட்டுல ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில். ஒரு தவில் போதும்னு பேரம் பேசுவீங்களா?”

“இல்லீங்க.”

“தாலி கட்டினதும் மொத்த ஜனமும் பந்திக்கு ஓடிடுமா?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. உண்மை எல்லோருக்கும் தெரியும்.

“அதுக்கப்புறம்தான் நான் ஆசையா ஒரு ராகம் எடுப்பேன். எதிர்ல சேர் மட்டும் இருக்கும். சேருக்கு வாசிச்சு வாசிச்சு அலுத்துப்போச்சு. மங்களம் வரைக்கும் ஒருத்தர் எதிர்ல உக்காந்திருக்கணும். ஒரே ஒருத்தர் போதும். சரின்னா அட்வான்ஸ் வைங்க.”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைப் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணத்தன்று பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்ட, கெட்டிமேளம் கொட்ட, அட்சதை விழ, தாலி ஏறியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் கூடம் காலி. வித்வான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோடியை ஆரம்பித்தார். எதிரில் நானும், தூங்கிப்போன ஒரு குழந்தையும், அட்சதையைப் பெருக்கத் துடைப்பத்தோடு நின்ற அம்மாவும். அவர் அவசரப்படவே இல்லை. பாதியில் அந்த அம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல கச்சேரிகளில் அது ஒன்று, வயிறு கூப்பிட்டதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அசோகா தீர்ந்துவிட்டது என்றார் பரிமாறுகிறவர். எதிர் வரிசையில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் பேச்சில்லாமல், கவனமாக, பரீட்சை எழுதுகிற மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த அம்மாள் ரசத்தை உள்ளங்கையில் வாங்கினார். பக்கத்துப் பையன் செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டான். அவர்கள் இலையில் அசோகா இருந்தது, ஆளுக்கு இரண்டு கரண்டி.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று கேட்டேன்.

“பொண்ணோட சித்தப்பாவுக்கு ரொம்ப வேண்டியவங்க” என்றார் அந்த அம்மாள், இமைக்காமல். “பாவம், எங்கேயோ அலைஞ்சுகிட்டிருப்பாரு.”

“ஆமாங்க” என்றேன்.

இலைக் கணக்கில் அந்த நான்கும் சேர்ந்துதான் வந்தது, நான்கு சின்ன பாட்டிலோடு. சாயந்திரம் மண்டபத்தைக் காலி செய்துவிட்டு வந்து, அண்ணன் வீட்டு முற்றத்தில் மொய் நோட்டைப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் அண்ணன் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“‘சித்தப்பாவுக்கு வேண்டியவர்கள், 101’னு போட்டிருக்கு. யாருடா இவங்க?”