கல்யாண ஆல்பக் கணினி: ஒரு திணை ஆராய்ச்சி

கல்யாண ஆல்பத்துக்குப் படம் திருத்தும் கணினி பெட்டியோடு வாங்கப்படுவதன்று; உறுப்பு உறுப்பாகச் சேகரித்துப் பூட்டப்படுவது. வழக்கில் இதற்கு ‘அசெம்பிள் சிஸ்டம்’ என்று பெயர். ஓடும்வரை ஸ்டுடியோக்காரர் இதை ‘நம்ம சிஸ்டம்’ என்பார். நின்றுபோனால் ‘அவன் பூட்டிக் கொடுத்த சிஸ்டம்’ என்பார். அகப்பொருளைப் போலவே இதையும் முதல், கரு, உரி என்று பகுத்து ஆராய்வது முறை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பெரும்பொழுது ஆடி. முகூர்த்தமில்லாத மாதத்தில்தான் ஸ்டுடியோவில் கை ஓயும். ஆவணி பிறப்பதற்குள் பெட்டி ஓடியாக வேண்டும். மார்கழியும் பொருந்தும். சிறுபொழுது, கடை திறந்த முதல் மணி நேரம். போணியாகாத கடையில் விலை இறங்கும் என்பது தொன்னம்பிக்கை. இறங்கியதற்குச் சான்று இல்லை.

கருப்பொருள்களுள் தலையாயது ப்ராசஸர். இதை முன்னிட்டு உலகம் இரு கலையாகப் பிரிந்திருந்தது. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டி நியாயமும் தென்கலையார் பூனைக்குட்டி நியாயமும் சொல்வர்: குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். ஏஎம்டி ப்ராசஸர் நெடுங்காலம் குரங்குக்குட்டியாக இருந்தது. ஏஎம்4 வகையில் 1331 ஊசிக்கால்கள் அதன் அடியிலேயே இருந்தன. அவற்றால் அது மதர்போர்டைப் பற்றியது. இன்டெல் 2004இலேயே எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு பூனைக் கட்சிக்குப் போய்விட்டது. ப்ராசஸரின் அடி வழவழப்பு, ஊசிகளெல்லாம் போர்டில். 2022இல் ஏஎம்5 வந்தபோது ஏஎம்டியும் பூனையாயிற்று. ஆக, சித்தாந்த பேதம் தீர்ந்தது. தீர்ந்த செய்தி கடைத்தெருவுக்கு இன்னும் எட்டவில்லை. ஊசி வளைந்தால் முன்பு ப்ராசஸர் போகும், இப்போது போர்டு போகும் என்பதே நடைமுறையில் மிஞ்சிய வேறுபாடு.

ராம் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கே சொல்லும். நம்மூர் ஆல்பத்தின் விரித்த தாள் 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600 பெருக்கல் 10,800. அதாவது 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு முழு லேயருக்கு ஏறத்தாழ 117 எம்பி. மணமக்கள் ஒரு லேயர், பின்னால் சுவிட்சர்லாந்து ஒரு லேயர், பறக்கும் ரோஜா இதழ்கள் ஒரு லேயர் என்று இருபது சேர்ந்தால் 2.3 ஜிபி தாண்டும். போட்டோஷாப் நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகள் இதன்மேல் ஏறும். 32 ஜிபி ஆடம்பரமன்று. அதை 16, 16 என இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒன்று விட்டு ஒன்றில் செருக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் நெருக்கியடிக்கும்.

வேலைக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க். மூவாயிரம் ரா கோப்புகள், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் ஒரு முகூர்த்தம் 90 ஜிபி. நொடிக்கு 7000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு, பேருந்து நிலையத்தில் வாங்கிய கார்டு ரீடர் வழியாக அந்த 90 ஜிபியை இறக்குவோர் உண்டு. அவர்களுக்கு மருந்தில்லை.

கிராபிக்ஸ் கார்டு நடுத்தரமே போதும். லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் போன்ற சில வேலைகளே அதை உண்மையில் உழைக்க வைக்கும். வீட்டில் கல்லூரி போகும் மகன் இருந்தால் மட்டும் கார்டின் அளவு கூடிவிடுகிறது. இதன் காரணம் தனி ஆய்வுக்குரியது.

பூட்டும் முறையில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் சுற்றி விடலாகாது. அடுத்தது பவர் பட்டன் ஒயர். கேபினட்டிலிருந்து மயிரிழையாய் வரும் நாலைந்து ஒயர்களை, போர்டின் மூலையில் எறும்பெழுத்தில் குறித்த ஊசிகளில் மாட்ட வேண்டும். பூட்டுபவர் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மூச்சடக்கி இதைச் செய்வார். அந்நேரத்தில்தான் அவருக்கு யாரோ டீ நீட்டுவார்கள். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு, வாங்கிய கார்டு சும்மா சுழல்வதை மாதக்கணக்கில் அறியாதிருத்தலும் இவ்வியலில் அடங்கும்.

எஞ்சிய கருப்பொருள் மானிட்டர். கொட்டேஷனில் அது கடைசி வரி. அங்கே வருவதற்குள் பணம் தீர்ந்திருக்கும். ஒளிரும் விசிறிக்குக்கூட வழி பிறக்கிறது, திரைக்கு மட்டும் ‘பழசே இருக்கட்டும்’. கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே உறுப்பு இது. 1996இல் வந்த எஸ்ஆர்ஜிபி நிறவெளியைவிட 1998இன் அடோபி ஆர்ஜிபி, பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில் அகலமானது. மயில்கழுத்துப் பட்டு குடியிருப்பதும் அந்தப் பக்கம்தான். மலிவான திரையில் அது இங்க் கொட்டிய துணியாகத் தெரியும். அந்த அகலத்தையும் காட்டும் ஐபிஎஸ் திரை ஒன்றை வாங்கி, எலியைப்போல் திரைமேல் தொங்கும் காலிபிரேட்டர் கருவியால் வெண்மையை 6500 கெல்வினுக்கு அமைத்து, ரோஜா நிறச் சுவரிலிருந்து மேசையைத் திருப்பிப் போட்டால், சரியான நிறம் கிட்டும்.

கிட்டிய பிறகு, நாற்காலிக்குப் பின்னால் பெண்ணின் அத்தை வந்து நிற்பார். “பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி.” அவ்வளவு செலவில் அளந்த நிறம் ஒரே ஸ்லைடரில் போகும். பெண்ணின் உண்மை நிறத்துக்கு இக்கணினியில் இடமிருந்தும், ஆல்பத்தில் இடமில்லை.

உரிப்பொருள், முல்லைக்குரிய இருத்தல். எக்ஸ்போர்ட் பட்டை நகர்வதைப் பார்த்து ஆற்றியிருப்பதே இவ்வொழுக்கம். முடிந்ததும் மூன்றடித் தாள் வாட்ஸ்அப்பில் உள்ளங்கையளவாய்ப் போய்ச் சேரும். இரவில், கண் கூசாதிருக்க மஞ்சளாக்கி வைத்த போனில் மாமனார் அதைப் பார்த்து, “புடவை மஞ்சளடிக்குதே” என்று எழுதுவார். ஸ்டுடியோக்காரர் புடவையை நீலப்பக்கம் சற்றுத் தள்ளி, மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுப் பட்டையைப் பார்த்து உட்காருவார்.