நாலு திருகாணி, நாப்பது யோசனை

வா மாப்ளே, உக்காரு. உக்காரறது உனக்குக் கஷ்டமில்ல, நிக்கறதும் நடக்கறதும்தான் கஷ்டம். தோட்டம் வரைக்கும் சைக்கிள் மிதிச்சுட்டு வந்துடுற. பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயில் வரைக்கும் நடன்னா, வழியில மூணு திண்ணை தேடுற. ஊர்ல அதைச் சோம்பேறித்தனம்ங்கறான். அவனுக்கு என்ன தெரியும்? வயசாக வயசாக முதுகுத்தண்டுல எலும்பு தடிக்குது, சவ்வு தடிக்குது, ஜவ்வு பிதுங்குது. காலுக்கு இறங்குற நரம்புக்கு வழி இல்லாமப் போகுது. நிமிந்தா நெருக்கும், குனிஞ்சா கொஞ்சம் இடம் விடும். அதான் சைக்கிள்ல ராசா, தரையில கிழவன்.

அது கிடக்கட்டும், ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு யாருகிட்டக் கேட்ட? சலூன்ல கேட்டிருக்க, ரேஷன் கடை வரிசையில கேட்டிருக்க, சம்பந்தியம்மாவையும் விடலையாமே. "முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்"னு பாதிப் பேரு. எண்ணெய் தடவி ஆளை விட்டு மிதிக்கச் சொல்லி மீதிப் பேரு. மிதிக்க ஆள் வேணும்னா வெளிய தேடாதே, என் தங்கச்சி கல்யாணமான நாள்ல இருந்து காத்துக்கிட்டிருக்கா.

எம்ஆர்ஐ படத்தை வேற டீக்கடை லைட்டுல தூக்கிப் பிடிச்சுக் காட்டுறியாம். என் பேரன் பிசியோதெரபி படிக்கிறான்ல, அவன் சொன்னான்: 1994-ல அமெரிக்காவுல முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பாத்திருக்காங்க. பாதிக்கு மேல ஆளுக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்துச்சாம். அவனுக பாட்டுக்குத் திரிஞ்சிருக்கானுக. படம் சொல்ற இடமும் உனக்கு வலிக்கிற இடமும் ஒத்துப் போகுதான்னு டாக்டர் பாக்கணும். மாத்திரை, பயிற்சி, ஊசி எல்லாம் பாத்தும் நடை மாசத்துக்கு மாசம் குறையுதுன்னா, அப்பத்தான் கத்திப் பேச்சு.

அப்பவும் வாயைத் தொறந்து கேளு. நெருக்குற எலும்பை மட்டும் செதுக்கி விடப்போறீங்களா, நாலு திருகாணி போட்டு ஒட்டவும் வைக்கப்போறீங்களா? எலும்பு நகந்திருந்தா ஒட்டறதுக்கு நியாயம் உண்டு. வெறும் நெருக்கம்னா பல பேருக்குச் செதுக்கறதே போதும். இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டு. முத டாக்டர் கோவிச்சுக்குவாரேன்னு கூச்சப்படாதே, பில்லு போடறப்ப அங்க யாரும் கூச்சப்படமாட்டாங்க. காலுக்கு இழுக்குற வலிதான் ஆபரேஷன்ல நல்லாக் கேக்கும். இடுப்பு வலியும் சுத்தமாப் போயிரும்னு எவனாச்சும் சொன்னா, தலையாட்டிட்டு வந்துரு, நம்பிராதே.

ஆபரேஷன் முடிஞ்சதும் மாசக்கணக்குல படுத்துக்கலாம்னு நெனப்பா? மறுநாளே எழுப்பி நடக்க விடுவாங்க. எந்திரிக்கறப்ப உடம்பை மொத்தமா ஒருக்களிச்சு, காலைத் தொங்கவிட்டு, கையூணி எந்திரி. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பை முறுக்கக் கூடாது. உனக்கு இது பெரிய பத்தியம் இல்ல, வீட்டு வேலைன்னு வந்தா எப்பவும் கடைப்பிடிக்கிறதுதான். வலி மாத்திரை மலத்தைக் கட்டும். முக்காம இருக்கணும்னா தண்ணியும் கீரையும் இறங்கணும். வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணு முன்னாடியே வெச்சிரு, அதுல போயி கவுரவம் பாக்காதே.

ஒட்டு வைக்கிறதுன்னா பொறுமை வேணும். மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுறோம்ல, அதுதான். திருகாணி வெறும் கட்டுக்கயிறு. எலும்போட எலும்பு சேந்து உயிர் பிடிக்க ஆறு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். பீடி குடிக்கிறவனுக்கு ஒட்டுப் பிடிக்காமப் போற ஆபத்து கூடுதல். ஆமா, அந்தச் சட்டைப்பையில என்ன புடைச்சுக்கிட்டிருக்கு? எடு வெளிய. சுகர் ஏறிக் கிடந்தா புண்ணுல சீழ் வைக்கும், அதையும் டாக்டர்கிட்ட மறைக்காதே. ரத்தம் இளக்குற மாத்திரை எதுவும் போட்டா அதையும் சொல்லு. எப்ப நிறுத்தணும்னு அவரு சொல்லட்டும், நீயா நிறுத்தாதே.

இதுவரைக்கும் சொன்னது நிதானமா யோசிக்கிற சங்கதி. திடீர்னு மூத்திரம் அடைச்சாலோ, தெரியாமப் போனாலோ, உக்காரற இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாம மடங்கித் தொங்கினாலோ, அன்னிக்கு சலூனுக்குப் போயி நிக்காதே. நடுராத்திரின்னாலும் என் கதவைத் தட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.