எதுவும் செய்யாதீர்கள்

ரூன்ஸ்கேப் என்ற இணையவழிக் கணினி ஆட்டத்தின் மூத்த ஆட்டக்காரர்கள் அதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்திடம் கேட்டது அதிகமில்லை: எதுவும் செய்யாதீர்கள், முடிந்தால் செய்ததையும் அழித்துவிடுங்கள். நிறுவனமும் பணிந்தது. 2007 ஆகஸ்ட் மாதக் காப்புப்பிரதியைத் தூசு தட்டி 2013இல் திறந்துவிட்டது. ஐந்தாறு ஆண்டு உழைப்பு காணாமல் போவதற்காகச் சந்தா கட்டும் வாடிக்கையாளர் வேறெந்தத் தொழிலுக்கு வாய்ப்பார்? மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் மணிக்கணக்கில் சொடுக்கும் அந்தப் பொற்காலம் மீண்டது.

அப்படியானால் ஆட்டம் தேங்கிவிடாதா என்று அவசரக்காரர்கள் கேட்கலாம். அதற்குத்தான் வாக்கெடுப்பு. புதிதாக எது நுழைவதானாலும் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தார்கள். நிறுவனம் இருக்கும் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 52 சதவீதமே போதுமென்று இருந்துவிட்டது. ஆட்டத்துக்குரிய நிதானம் ஆட்சிக்கு எங்கே வரும்? 2022இல் வரம்பை 70ஆகத் தளர்த்தியதுதான் வினை. கப்பலோட்டும் திறன் என்ற புதுமைக்கு ஆட்டக்காரர்களே கைதூக்கிவிட்டார்கள். ஆகவே இப்போது நியாயமான கோரிக்கை ஒன்றே ஒன்று: 2007ஐப் போலவே இருந்த அந்த 2013ஐத் திருப்பித் தாருங்கள்.