காது கொடுப்போர் சங்கம்

நன்னிலம் மாதிரி ஒரு பேரூராட்சியில் எழுத்தாளர் மன்றம் எதற்கு என்று கேட்கிறவர்கள், இத்தனை வருஷத்தில் அது எத்தனை எழுத்தாளர்களை உருவாக்கியது என்றுதான் கணக்குக் கேட்கிறார்கள். கேள்வியே கோணல். எழுத்தாளருக்கு இந்தப் பக்கம் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு, திறக்காவிட்டால் சந்தேகம். கவிதைக்கு அந்தக் கவலை கிடையாது. தண்ணீர் வந்தால் வந்ததைப் பற்றி ஒன்று, வராவிட்டால் வராததைப் பற்றி இரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தாலுகா ஆபீஸ் எழுத்தர், உரக்கடைக்காரர், எல்ஐசி ஏஜென்ட் என்று தெருவுக்கு ஒருவர் சட்டைப்பையில் நாலாய் மடித்த தாளோடு நடமாடுகிற ஊரில், உற்பத்தியைப் பெருக்கவா ஒரு சங்கம் வேண்டும்? தட்டுப்பாடு காதுக்குத்தான். வீட்டு அம்மாள் கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி. இப்போது தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே அடுப்பில் பால் பொங்குகிறது. பையன் காதில் எதையோ செருகிக்கொண்டு திரிகிறான். ஆகவே என் கட்சி இதுதான்: சிற்றூர் எழுத்தாளர் மன்றம் எழுத்தாளரை உண்டாக்கும் இடமல்ல, காதுகளைத் திரட்டும் இடம். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஊர் சிரிக்கிற அதன் சடங்குகள் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது.

முதலில் அழைப்பிதழ். வழவழப்பான தாளில் நாலு வண்ணம், ஒரு மூலையில் வள்ளுவர், மறு மூலையில் பாரதி, நடுவில் ஒரு மயில் இறகு. அதன் கீழே தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, தொடக்கவுரை, வாழ்த்துரை, நூல் வெளியீடு, முதல் பிரதி பெறுதல், திறனாய்வுரை, சிறப்புரை, கவியரங்கம், ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். இவற்றையெல்லாம் கோத்துக்கொடுக்கத் தொகுப்புரை என்று ஒருவர். நாற்காலியைவிட அழைப்பிதழில் பெயர் அதிகம் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். பெயர் அச்சான மனிதர் வராமல் இருக்க முடியாது. அவர் வந்தால் அதைப் பார்க்க மைத்துனரும் வருவார். அதிலும் ‘முன்னிலை’ என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். முன்னிலை வகிக்கிற ஐந்து பேருக்கும் பேச்சு கிடையாது, இருப்பதே வேலை. கீழே உட்கார்ந்திருப்பவர் போன் வந்த மாதிரி காதில் கையை வைத்துக்கொண்டு வாசல்வரை போய், அப்படியே சைக்கிளை எடுத்துவிடலாம். மேடையில் உட்கார்ந்தவருக்கு அந்த வழி அடைத்துப் போயிற்று. இருபது பெயர் அச்சிட்டால் நாற்பது காது உறுதி. நாட்டுப்பண்ணைக் கடைசியில் வைத்திருப்பதும் தேசபக்தியால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் பிரதி வாங்குகிற ரைஸ் மில் முதலாளி புத்தகத்தைப் பிரிப்பாரா என்பது வேறு விஷயம். கவரை நீட்டிப் போட்டோவுக்கு நின்றவர் ஏற்புரை முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்தது பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்திய ஆடை அடுத்த மாதம் இன்னொருவர் தோளில் ஏறுகிறது, மடிப்பு கலையாமல், சில சமயம் விலைச்சீட்டு கூடக் கிழியாமல். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து நடக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இன்றைக்கு நீ எனக்கு எழுதியது நோட்டில் இருக்கிறது, நாளைக்கு உன் பந்தலில் நான் அதைத் திருப்பி எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. மன்றத்தில் புழங்குவது பணமல்ல, கேட்பு. என்னுடைய நாற்பது வரிக் காவிரிப் பாட்டை நீ அசையாமல் கேட்டாய். உன்னுடைய அறுபது வரி அம்மா பாட்டுக்கு நான் கண்ணை மூடித் தலையாட்டக் கடமைப்பட்டவன். நோட்டு மட்டும் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. ஆனால் பாக்கி வைத்தவரை இந்த மனக்கணக்கு மறப்பதில்லை. தன் கவிதை முடிந்ததும் மூன்று மாதம் தொடர்ந்து எழுந்து போனவரின் முறை நாலாவது மாதம் வரும்போது, கூட்டம் மொத்தமும் டீ குடிக்கப் போயிருக்கும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமா என்றால், இல்லை. நன்னிலத்துக்குக் கிழக்கே சன்னாநல்லூர் தாண்டிப் போனால் திருப்புகலூர். அங்கே முருக நாயனார் மடத்தில் அப்பரும் சம்பந்தரும் கூடியிருந்ததையும், திருச்செங்காட்டங்குடி சிறுத்தொண்டரும் சாத்தமங்கை நீலநக்கரும் வந்து சேர்ந்துகொண்டதையும் சேக்கிழார் சொல்கிறார். இந்த வட்டாரத்தின் முதல் இலக்கிய மன்றக் கூட்டம் என்று அதைத்தான் நான் சொல்வேன். வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்: பதிகம் பாடுகிறவர்கள் இருவர், மற்ற மூவருக்குப் பாட்டு கிடையாது. மடத்துக்காரர் பூத்தொடுக்கிறவர், மற்ற இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். இரண்டு வாய்க்கு மூன்று ஜோடிக் காது. அறுபத்துமூவர் பட்டியல் போட்டபோது பாடியவர்களை மட்டும் சேர்த்துக் கேட்டவர்களை விட்டுவிடவில்லை. ஐந்து பேருக்கும் சிலை உண்டு, குருபூஜை உண்டு. நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பாடிய சுந்தரர், அதே புகலூரில் செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தபோது அது பொன்னாகியிருந்தது என்பது வரலாறு. பாட்டு எழுதுகிறவருக்கு இந்தப் பக்கம் கிடைத்த பெரிய சன்மானம் அதுதான். அதற்குப் பிறகு செங்கல் செங்கலாகவே இருந்துவருகிறது, விலை மட்டும் ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தாலும் கதை மாறவில்லை. மாயூரத்தில் இருந்து உ.வே.சாமிநாதையருக்குப் பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். அவை வாசகரைத் தேடி அச்சாபீசுக்குப் போவதற்கு முன் கோயில் மண்டபத்தில் நாள்கணக்கில் அரங்கேறின. சால்வை, சன்மானம், வந்தனம் எல்லாம் அப்போதும் உண்டு. இன்றைக்கு மண்டபத்துக்குப் பதில் நூலகக் கட்டடம் அல்லது பள்ளிக்கூட வகுப்பறை. சால்வையில் சரிகை குறைந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழும். மன்றம் என்றால் பரஸ்பரம் முதுகு சொறிவதுதானே, விமர்சனம் எங்கே, நாலு பேர் கண்டிப்பாகச் சொன்னால்தானே எழுத்து தேறும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம், ஆனால் கண்டிப்பை இந்த ஊர் பார்த்திராத மாதிரி பேசக்கூடாது. பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் இருக்கிறது. விஜயதசமியன்று குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க எங்கிருந்தெல்லாமோ வந்து நிற்கிற சரஸ்வதி கோயில். சோழ மன்னன் ஒட்டக்கூத்தருக்குக் கொடுத்த ஊர் ஆகையால் அந்தப் பெயர் என்பார்கள். அந்த ஒட்டக்கூத்தர், தப்பாகப் பாட்டுக் கட்டுகிறவர்களின் தலையை வெட்டிவிடுவார் என்பது கர்ணபரம்பரை. பிள்ளைப்பாண்டியன் குட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். வில்லிபுத்தூரார் காதை அறுத்தார். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் கழுத்தோடு காரியத்தை முடித்தார். இதைவிடக் கறாரான திறனாய்வை எந்தப் பல்கலைக்கழகம் தரமுடியும்? அப்படியும் தாலுகாவில் கவிஞர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. மூவரில் வில்லிபுத்தூராரைத்தான் நான் விஷயம் தெரிந்தவர் என்பேன். எழுதுகிறவனிடம் கோளாறு கையில் இல்லை, காதில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். வைத்தியம்தான் முரட்டுத்தனமாகப் போய்விட்டது. மற்றபடி மன்றத்தில் விமர்சனமே கிடையாது என்பதும் சரியல்ல. உண்டு, மேடையில் அல்ல. கூட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்ததும், ‘அண்ணே, மூணாவது பத்தியோட நிறுத்தியிருக்கலாம்’ என்று ஒரு தம்பி கிளாஸைப் பார்த்தபடி சொல்வார். எதிரில் அண்ணன் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த மாதம் மூன்றாவது பத்தியோடு நிற்கும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நல்ல எழுத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம், எழுதுகிறவன் தனியாக அறையைச் சாத்திக்கொண்டு எழுதுகிறான், இந்த மண்ணில் பெரிய பெயர்கள் எல்லாம் வெளியேறிப் போனவர்களுடையவைதானே என்று கேட்பார்கள். நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்த கே.பாலசந்தர் சென்னைக்குப் போய்த்தான் நாடகமும் சினிமாவும் எடுத்தார், தி.ஜானகிராமன் டெல்லி வானொலி நிலையம்வரை போனார். போனது உண்மை. ஆனால் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்க்க வேண்டாமா? 1940-களின் கும்பகோணத்தில் கு.ப.ராஜகோபாலனைச் சுற்றி ஜானகிராமன், எம்.வி.வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று ஒரு சிறு கூட்டம் இருந்தது. பேனர் கிடையாது, செயலாளர் கிடையாது, சந்தா நிச்சயமாகக் கிடையாது. அதற்கு முன்பே கு.ப.ரா.வுக்குப் பார்வை மங்கி எழுத முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. அப்போது அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். அறையைச் சாத்திக்கொண்டால் நடந்திருக்குமா? எதிரே ஒரு காது இருந்ததால் கதை வந்தது. வெங்கட்ராம் ஊரைவிட்டுப் போகாமலே எழுதியவர். ஜரிகை வியாபாரத்தில் வந்த பணத்தைப் போட்டு 1948-ல் ‘தேனீ’ என்று பத்திரிகை நடத்தினார். தேன் யாருக்குக் கிடைத்ததோ, பணம் போனது. பின்னாளில், ஓயாமல் குரல்கள் கேட்டு அவதிப்படுகிற ஒரு மனிதனைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1993-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. நாவலின் பெயர் ‘காதுகள்’. என் கட்சிக்கு இவ்வளவு வசதியான சாட்சி கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது ஹாலுக்கு வாடகை எதற்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நூறு வரிக் கவிதையை அனுப்பிய அதே நிமிஷத்தில் ஆறு பேர் ‘அருமை’ என்றும் நாலு பேர் கைகூப்பியும் பதில் போடுகிறார்கள். கேட்கிறவர் கொட்டாவி விடுவதைக் கண்ணால் பார்க்காத கவிஞர் எந்த வரியை வெட்டுவார்?

பெயர்ப்பலகை, பதிவு எண், ரப்பர் ஸ்டாம்ப் இவற்றோடு நடக்கிற மன்றங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு என்றாலும், காதுக் கணக்கை நேராகப் புரிந்துகொண்டவை அவை இல்லாமல் நடந்தவைதான். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டிக்கு, உட்கார்ந்த இடத்தின் வடிவமே பெயர். தஞ்சாவூரில் ப்ரகாஷ் (1943–2000) ஒரு கூட்டத்துக்குக் ‘கதைசொல்லிகள்’ என்றும், இன்னொன்றுக்குச் ‘சும்மா இலக்கியக் கும்பல்’ என்றும் பெயர் வைத்தார். சும்மா வந்து உட்கார், கேள் என்று பெயரிலேயே உறுப்பினர் தகுதியைச் சொல்லிவிட்ட சங்கம் வேறு எனக்குத் தெரியாது. நம் மன்றங்களில் அந்தச் ‘சும்மா’ இல்லை. எல்லோருக்கும் ஒரு பதவி இருக்கிறது. துணைச் செயலாளர், இணைச் செயலாளர், செய்தித் தொடர்பாளர், கௌரவ ஆலோசகர். சரி, அதுவும் காது பிடிக்கிற உத்தி என்று விட்டுவிடலாம்.

விட முடியாத இடம் ஒன்று உண்டு. சேது அம்மாள் அண்ணனுக்குக் காதும் கையுமாக இருந்துவிட்டுத் தாமும் கதை எழுதினார். அவர் கதையைக் கேட்க அந்தக் காலத்தில் எத்தனை காது கிடைத்திருக்கும்? இன்றைக்கும் மன்றத்துக் கணக்கில் பெண்களின் கேட்பு வரவில் ஏறுகிறது, திருப்பி எழுதும்போது பக்கம் கிழிந்துபோகிறது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு மாணவி, குத்துவிளக்கு ஏற்ற ஒரு டீச்சர், கவியரங்கத்தில் கடைசிப் பெயராக ஒருவர். அவர் முறை வரும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். அதற்கு முன்பே அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆறு என்று போட்டால் ஏழுக்குத்தான் மைக் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் மூன்று மணிக்கு வைத்தால் சங்கத் தூண்களின் தூக்கம் கெடும் என்கிறார்கள். தூக்கம் எப்படியும் கூட்டத்திலும் நடக்கத்தானே செய்கிறது?

இந்த முறைமை முழுவதையும் குலைக்கிறவர் ஒரே ஒருவர், சிறப்பு விருந்தினர். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறார், பெரிய பொன்னாடை வாங்குகிறார், ஒன்றரை மணி நேரம் பேசி ஊரின் அத்தனை காதையும் வாங்கிக்கொண்டு, உள்ளூர்க் கவிஞர் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது ‘மாயவரம் போய் ரயில் பிடிக்கணும்’ என்று எழுந்துவிடுகிறார். மொய் வாங்கிக்கொண்டு எழுதாமல் போகிற ஆள் இவர்தான். இனிமேல் கவியரங்கம் முடிந்த பிறகே சிறப்புரை என்று தீர்மானம் போடவேண்டும். வழிச்செலவுக் கவர் பொருளாளர் பையில் இருக்கட்டும், நன்றியுரைக்குப் பிறகு வெளியே வந்தால் போதும். மயிலாடுதுறைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டால், மன்றத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது.