வெறும் கல்லு

செஞ்சிக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் நேர்த்தியை நாடே பாடமாகப் படிக்க வேண்டும். 2025-ல் ஊர்க்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்குமுன் யுனெஸ்கோகூட இவ்வளவு அலசியிருக்காது.

மரக்காணமா? வழியெல்லாம் உப்பளம், தள்ளு. கோவளமா? 2021-ல் நீலக்கொடி வாங்கிய சுத்தக்காரக் கடற்கரை. முறுக்குக் கவரை எங்கே போடுவது? தள்ளு. சுண்ணாம்பாறு பாரடைஸ் பீச்சா? படகுக்கு நிற்கணும்; பெரியப்பாவுக்கு முட்டிவலி. தள்ளு.

கடைசியில் வென்றது புதுச்சேரி. புளிசாதத் தூக்கோடு திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் போய் இறங்கினால், கரை நெடுகக் கருங்கல். மணலைக் கடல் அரித்துக்கொண்டு போனதால் கொட்டியது.

எல்லோருக்கும் பரம திருப்தி. ஊர்க்கோட்டையின் ராஜகிரி மலையை நிமிர்ந்துகூடப் பார்க்காத மூத்தவன் தாவி ஏறி செல்ஃபி எடுத்தான். முட்டிவலிப் பெரியப்பாவும் ஏறிவிட்டார். "பாறைன்னா இப்படி இருக்கணும்டா!"

பக்கத்துக் கல்லில் இருந்த வெளியூர்க்காரர், செஞ்சிக் கோட்டைக்கு எந்த பஸ் என்று விசாரித்தார்.

குடும்பமே பதறிப்போய்த் தடுத்தது: "அங்க எதுக்கு சார்? வெறும் கல்லு!"