அப்பன் பேர் சொல்லும் பிள்ளைகள்

2018 அக்டோபரில் '96' படம் வந்தது. விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் பழைய மாணவர் சந்திப்பில் பார்த்துக்கொண்டு, ராத்திரி முழுக்கச் சென்னையைச் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். அந்த மாதமே, பத்தாவது தாண்டிய அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வாட்ஸ்அப் குரூப் முளைத்துவிட்டது. 2004இல் 'ஆட்டோகிராப்' வந்தபோதும் இதே ஏக்கம் வந்ததுதான். ஆனால் அப்போது ஒருத்தனைப் பார்க்க பஸ் ஏற வேண்டியிருந்தது. அதனால் தியேட்டரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்து அரசுப் பள்ளியில் 1994இல் பத்தாவது முடித்த செட்டு. 2019இல் வெள்ளி விழா. குரூப்பில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றார்கள். எங்களுக்கு அறுபத்துச் சொச்சம் போதும். அந்த அறுபத்துச் சொச்சத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. காரணம், ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியாது. அவனவன் அப்பா பெயர்தான் தெரியும்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் வகுப்பில் செந்தில்குமாரே மூன்று. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது, முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல்தான். வாத்தியார் அந்த எழுத்தோடு கூப்பிடுவார். பையன்கள் எழுத்தை விரித்து, அப்பா பெயரை முழுசாகச் சொல்லி, முன்னால் ஒரு 'டேய்' சேர்த்துக் கூப்பிடுவோம். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கி வரும் நாளில்தான் உளவு வேலை நடக்கும். கார்டை மடித்து, நோட்டுக்குள் வைத்து, நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வந்தவனும் உண்டு. பிரேயர் முடிவதற்குள் அவன் அப்பா பெயர் ஒன்பதாம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு பெயரையாவது எழுதலாம்தான். எழுதினால், இது அச்சாகி வந்த மறுநாள் குரூப்பில் என் அப்பா பெயருக்கு அர்ச்சனை நடக்கும். வேண்டாம்.

ஆளைப் பிடித்த பிறகு தேதியைப் பிடிக்க வேண்டும். பிரியாணி என்பது முதல் நாளே ஏகமனதாகத் தீர்மானமாகிவிட்டது. சீரகசம்பாவா என்று கேட்டவனை, திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்துவிட்டு இதென்ன கேள்வி என்று அடக்கிவிட்டார்கள். பிரியாணி முடிவானதும் தேதி கிடைக்காமல் போனது. கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை. தையில் மீதிப் பேர் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பப்ளிக் பரீட்சை. கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தவக்காலம். ஏப்ரல் 18 தேர்தல். எங்கள் செட்டில் வாத்தியார் ஆனவர்கள் எல்லாம் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள். பொருளாளரோ, வசூலான பணத்தோடு வண்டியில் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும், "இது பிரியாணிக்காசு சார்" என்று சொன்னால் கேஸ் இன்னும் பலமாகிவிடும் என்பது அவன் வாதம். மே மாதம் ரம்ஜான் நோன்பு. முகூர்த்த நாளும் அப்போதுதான், மண்டபம் கிடையாது.

எல்லா மதமும் தேர்தல் ஆணையமும் ஒதுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சியது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, மண்டபம் காலி, வாடகையிலும் தள்ளுபடி. அப்போதும் ஒருத்தன் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்று தயிர்சாதம் கேட்டான். அவனுக்காக ஒரு தூக்குவாளி தனியாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நின்றபோதுதான் விபரீதம் புரிந்தது. இருபத்தைந்து வருஷமாக யாரை எந்தப் பெயரால் கூப்பிட்டோமோ, அந்த ஆளாகவே ஒவ்வொருவனும் வந்து இறங்கினான். முன்வழுக்கை, மீசையில் நரை, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, அதன் பின்னால் சர்க்கரை மாத்திரை. சைக்கிள் கேரியரில் மகனை வைத்துக் கொண்டுவந்து விட்டுப் போன அதே அப்பன்மார்! அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. இப்போது ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்துக் கேரளாவுக்குக் காய் அனுப்பும் எங்கள் பொருளாளர், இடுப்பில் கை வைத்து லோடுக்காரரைத் திட்டிய தோரணையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அவன் அப்பா ஒருமுறை என் காதைத் திருகியிருக்கிறார்.

பெண்களைத் தேடியது தனிக் கதை. எங்களுக்குத் தெரிந்த இனிஷியலைக் கல்யாணம் மாற்றிவிட்டது; போன் நம்பர் வீட்டுக்காரர் பெயரில். எப்படியோ பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பத்தாவது முடியும்வரை ஒரு வார்த்தை பேசாதவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் வாய் திறந்தார்கள். திறக்காமலே இருந்திருக்கலாம். எங்கள் எல்லாருக்கும் அவர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அப்பா பெயரெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நேரே ஆளையே பார்த்து வைத்திருக்கிறார்கள். கிளாஸ் லீடர் 'அமிர்தாஞ்சன்'. கபடி டீம் கேப்டன் 'அழுகுணி'. நான் 'செயின்'.

"கழுத்துல போட்டிருந்தீங்களா?" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

"சைக்கிள் செயினுங்க. நாங்க டியூஷன் விட்டு வர்ற நேரம் பாத்து, கரெக்டா அந்த வேப்பமரத்துக்கிட்ட அவருக்கு டெய்லி கழண்டுடும்."

பழைய சைக்கிள், பல்சக்கரம் தேய்ந்துபோனது, எங்கே வேண்டுமானாலும் கழலும் என்று பல்சக்கரத்தின் பல் வரைக்கும் விளக்கினேன். மனைவி தலையாட்டிக்கொண்டே இன்னொரு முட்டை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் கணக்கு வாத்தியாருக்குப் பொன்னாடை. அவருக்கும் எங்கள் பெயர் ஒன்றும் நினைவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்ததும் அப்பா பெயரைச் சரசரவென்று சொன்னார். எங்களில் பல பேருடைய அப்பாக்களுக்கும் அவர்தான் வாத்தியாராம். பதினோராம் வகுப்பு வரை எஸ்.எஸ்.எல்.சி. இருந்த காலம், பிளஸ் டூ எல்லாம் 1978இல்தான் வந்தது. இன்று வங்கி மேனேஜராக இருப்பவனைப் பார்த்து, "உங்கப்பனும் வட்டிக் கணக்குலதான்டா கோட்டை விட்டான்" என்றார். மேனேஜர் கைகட்டி நின்றான்.

'96'இல் போல விடிய விடியப் பேச எங்களுக்கும் ஆசைதான். ஒன்பதரைக்கே பாதிப் பேர் கொட்டாவி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு குடிதண்ணீர் மிஷின் வாங்கித் தருவது என்று தீர்மானம் போட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்திருக்கிறது. திரையில் மண்டிக்காரனின் அப்பா பெயர்; அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். எங்களோடு இருக்கும் என் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஆவலாக எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து "டேய்!" என்று தொடங்கி அவர் பெயரை முழுசாகச் சொல்லி ஒரு குரல். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

"என் சேக்காளி பேசினான்டா. எத்தனை வருஷமாச்சு! குரல் அப்படியே இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ தண்ணி மிஷினாம், பத்தாயிரம் கேட்டான். சரின்னுட்டேன். நீ அதை அந்தப் போன்லயே அனுப்பிச்சுடு."