முதலாண்டு மாணாக்கர் இலக்கணம்: ஆவணப் படலம்

நன்னூலார் மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை எட்டாகப் பகுத்தார். ஆயினும் முதலாண்டு மாணவரை ஆடி மாதத்து ஊட்டிக் குளிரில் பழைய ஆவணத்தின் முன் உட்காரவைத்துப் பார்த்தவரல்லர் அவர். அக்குறை தீர்த்தலே இந்நூற் பயன்.

இதற்குக் களம் உதகை அரசு கலைக் கல்லூரி. அது இருப்பதே 1822இல் கலெக்டர் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா வளாகத்தில். ஊருக்குள் 1859இல் தோன்றிய நீலகிரி நூலகம். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் நீலகிரி ஆவண மையம். சரக்குப் பஞ்சமில்லை என்க.

முதலாமவர் படம்பிடிப்பார். கிரிக் எழுதிய 1880ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டக் கையேட்டை முன்னே வைத்தால் பக்கம் பக்கமாகக் கைபேசியில் ஏற்றிவிட்டு, படித்த களைப்போடு டீ குடிக்கப் போவர். கிளியாவது கேட்டதைத் திருப்பிச் சொல்லும்.

அடுத்தவர் முகவரி தவறுவார். இவரைப் பற்றிச் சற்று விரிக்க வேண்டும். 1835இல் ஊட்டியில் நடந்த ஒரு நிலப் பேரத்தைத் தேடச் சொன்னால், 'நீலகிரி' என்ற தலைப்பில் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவர். 1830இலிருந்து 1843 வரை ஊட்டி உள்ளிட்ட பெரும்பகுதி மலபார் மாவட்டத்தில் இருந்தது. பிறகு கோயம்புத்தூருக்குத் திரும்பியது. 1868இல்தான் பிரீக்ஸ் கமிஷனராக வர, நீலகிரி தனியாயிற்று. மலை அசையவில்லை, அலுவலகம் மாறியது, காகிதம் அலுவலகத்தோடு போயிற்று. ஆகவே கேட்கவேண்டியது 'எந்த ஊர்?' என்பதன்று, 'அன்று யார் கச்சேரி?' என்பது. அலமாரி சுற்றிக்காட்டும் நூலகப் பயிற்சியை நிறுத்திவிட்டு, இந்த ஒன்றை ஒரு மணி நேரம் நடத்தினால் போதும் என்பது என் துணிபு.

இனி, அச்சேறியதெல்லாம் மெய் என்பார். இவருக்கு மருந்து, தோடர் பற்றிப் பேசும் இரண்டு நூல்களை அருகருகே வைத்தல்: பிரீக்ஸின் 1873ஆம் ஆண்டு நூல், மானிடவியலர் ரிவர்ஸின் 1906ஆம் ஆண்டு நூல். ரிவர்ஸ் மலையில் தங்கியது சில மாதங்களே, அதுவும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு என்று காதில் போட்டால், சிலர் பேனாவைத் தேடுவர். (பென்சில் மட்டுமே அனுமதி.)

இறுதியாகத் தாத்தாவைத் தேடுவார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பேர் பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள். துரைமார் எழுதிய புத்தகங்களில் வேட்டைநாய்க்குப் பெயர் உண்டு; கொழுந்து பறித்தவர்க்குத் தலைக்கணக்கு மட்டும். இவர் முகம் சுளித்து எழுந்து போவார். அடுத்த வாரம் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து குடும்ப அட்டையும் தோட்டக் கூலிப்பதிவான கிழிந்த செக்ரோல் தாளும் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்.

இவர் மாணாக்கரா, ஆவணக் காப்பாளரா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். யான் இரண்டாம் பட்சத்தான். வருகைப் பதிவேட்டில் மட்டும் மாணாக்கர் என்றே குறிக்க.